பழைய மைனிங் கணக்கீடுகள் ஏன் மறுபடி உதவாது: நீங்களே சோதித்தறியும் முறை

பிட்காயின் மைனிங்கில் கணக்கிட்ட ஹாஷ்களை (தரவிலிருந்து கிடைக்கும் நிலையான நீளமுள்ள சுருக்க எண்களை) சேமித்து வைத்து, அடுத்த பிளாக்குக்கு, அதாவது அடுத்த பரிவர்த்தனைத் தொகுப்புக்கு, பயன்படுத்தலாம் என்று எண்ணுபவர்கள், முதலில் பிட்காயின் பிளாக்கின் தலைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 80 பைட் கொண்ட அதில் பதிப்பு எண், முந்தைய பிளாக்கின் ஹாஷ், பரிவர்த்தனைகளைச் சுருக்கிய மெர்க்கல் வேர், நேரம், கடின அளவு, மைனர் விருப்பம்போல் மாற்றக்கூடிய எண்ணான நான்ஸ் ஆகியவை உள்ளன. நான்ஸை மாற்றி மாற்றி எஸ்.எச்.ஏ-256 எனும் ஹாஷ் சார்பை இருமுறை இயக்கி, கடின அளவு குறிக்கும் இலக்கைத் தாண்டாத விடையைத் தேடுவதே மைனிங்.

சோதிப்பதற்கு எஸ்.எச்.ஏ-256 கணக்கிடும் கருவி ஒன்று போதும். ஏதேனும் ஒரு சொல்லின் பின்னால் 1, 2, 3 என்று எண்களைச் சேர்த்துக்கொண்டே சென்று, பதினாறடிமான (hex) வடிவில் காட்டப்படும் விடை இரண்டு பூஜ்யங்களில் தொடங்கும்வரை முயலுங்கள். சராசரியாக 256 முயற்சிகள் தேவைப்படும். பிறகு, கிடைத்த ஹாஷையே புதிய முன்னொட்டாக வைத்து, வென்ற அதே எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். விடை முற்றிலும் வேறாக இருக்கும். முந்தைய உழைப்பு எந்தத் துப்பும் தராது. ஒவ்வொரு பிளாக்கும் முந்தையதன் ஹாஷைச் சுமப்பதால், உண்மையான பிளாக் சங்கிலியிலும் இதுவே நடக்கிறது.

ஒரே தலைப்புக்குரிய ஏறத்தாழ 429 கோடி நான்ஸ்களின் விடைகளைச் சேமிக்கவே சுமார் 137 ஜிகாபைட் வேண்டும், நேரம் ஒரு நொடி மாறினாலும் அத்தனையும் வீண்.

மறுபயன்பாட்டுக்கு ஒரு சிறிய இடம் உண்டு: தலைப்பின் முதல் 64 பைட்டில் நான்ஸ் இல்லாததால், அப்பகுதியின் இடைநிலை விடையை மைனர்கள் வைத்துக்கொண்டு நான்ஸை மட்டும் மாற்றுகிறார்கள். மெர்க்கல் வேர் மாறியதும் அதையும் புதிதாகவே கணக்கிட வேண்டும்.