நாற்றுக்கு அடியிலிருந்து தண்ணீர் கொடுங்கள்

வீட்டுக்குள் தக்காளி, மிளகாய், சாமந்தி நாற்று வளர்ப்பவர்கள், முளை வந்ததும் பூவாளியை ஓரமாக வைத்துவிடுங்கள். குழித்தட்டை (நாற்று வளரும், அடியில் துளையுள்ள சிறு குழிகள் கொண்ட தட்டு) அகலமான ஒரு தாம்பாளத்தில் வைத்து, அதில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். 20, 30 நிமிடங்களில் மேல்மண் நிறம் மாறி ஈரம் தெரியும். உடனே தட்டை எடுத்து, மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஊறட்டும் என்று நாள் முழுக்க விட்டால் வேர் மூச்சுத் திணறிவிடும்.

அடித்துளை வழியாக நுழையும் ஈரம் மண்ணின் நுண்துளைகளில் தானாகவே மேலேறுகிறது. நீர்த்தாரை பட்டு மெல்லிய தண்டு சாய்வதும் இல்லை. முக்கியமான லாபம் வேறு. மேல்மண் ஓயாமல் சொதசொதவென்று இருக்கும்போதுதான் நாற்றழுகல் நோய் பரவுகிறது. நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று, இன்று மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்துக் கவிழ்ந்து கிடக்கும். அப்படி விழுந்ததைப் பிழைக்க வைக்க வழியே இல்லை, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முளைக்கும் முன் இந்த முறை மட்டும் போதாது. பெட்டூனியா போன்ற பொடிவிதைகளை மேலாகத் தூவியிருந்தால், மேல்மண் காயாதபடி தெளிப்பானால் லேசாக நனைத்து வாருங்கள். உரம் கொடுத்து வளர்க்கும் தட்டில் வெள்ளையாக உப்புப் படிந்தால், ஒருமுறை மேலிருந்து ஊற்றி வடியவிட வேண்டும். ஒரு குழியில் ஏற்கெனவே அழுகல் தெரிகிறதா? அந்தத் தட்டை மற்றவற்றோடு ஒரே தாம்பாளத்தில் வைக்காதீர்கள், தண்ணீர் வழியே நோய் மற்றவற்றுக்கும் போகும்.