மிலோங்காவில் பேச்சில் வரும் தவறுகள்

டாங்கோ நடனம் ஆட எல்லோரும் ஒன்றுகூடும் நிகழ்வுக்கு மிலோங்கா என்று பெயர். புவெனஸ் ஐரிஸில் அதற்கு முதல்முறை போகிறவர்கள் காலடியைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். மனஸ்தாபம் வருவதோ பெரும்பாலும் வாயால்.

ஒரே ஆர்க்கெஸ்ட்ராவின் மூன்று, நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தாண்டா. அது முடியும்வரை அதே ஜோடியோடு ஆடுவதுதான் வழக்கம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் சந்தோஷத்தில் 'கிராசியாஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். நன்றி என்றுதான் பொருள், ஆனால் நடுவில் சொன்னால் 'போதும், நிறுத்திக்கொள்ளலாம்' என்றாகிவிடும். எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடும்.

நேராக மேசைக்குப் போய் "ஆட வருகிறீர்களா?" என்று கேட்பதையும் தவிருங்கள். தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைப்பதுதான் முறை. அதற்குப் பெயர் கபெசேயோ. விருப்பமில்லாதவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். யாருக்கும் சங்கடமில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது, ஆடிக்கொண்டே பாடம் நடத்துவது. "தோளைத் தளர்த்துங்கள்", "நான் இன்னும் அடியெடுக்கச் சொல்லவில்லையே." நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். கேட்டவரின் முதுகு அந்த நொடியே இறுகிவிடும். நெருங்கிய அணைப்பு என்பதால் அது சொன்னவரின் உள்ளங்கைக்கும் தெரியும். அப்புறம் அவர் இசையைக் கேட்கமாட்டார், அடுத்த குறை எப்போது வரும் என்றே காத்திருப்பார். திருத்தத்துக்கென்று பிராக்டிகா என்ற பயிற்சிக் கூடல் இருக்கிறது. அங்கேயும், அவராகக் கேட்டால் சொல்லுங்கள். கை முறுகி வலிக்கிறது என்றால் மட்டும் எங்கேயானாலும் உடனே சொல்லிவிடுங்கள்.

பாட்டுகளுக்கு நடுவே பேசலாம். அடுத்த பாட்டு தொடங்கிய பிறகும் சில நொடி நின்று பேசிவிட்டுத்தான் அங்கே பலர் ஆடத் தொடங்குவார்கள். 'உண்மையான டாங்கோ எது' என்ற சண்டையை மட்டும் அங்கே இழுக்காதீர்கள்.

சரி, வெளியே அந்தப் பேச்சு வந்தால்? "பியாசோலா டாங்கோவே இல்லை" என்று தீர்ப்பு சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே செத்துவிடும். டாங்கோ இசையைப் புதுப் பாணிக்குக் கொண்டுபோன அந்த இசையமைப்பாளர் வாலிபத்தில், ஆடுபவர்கள் இன்றும் கொண்டாடும் த்ரோய்லோவின் ஆர்க்கெஸ்ட்ராவில் பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம் வாசித்தவர். "அவர் இசைக்கு ஆடும்போது உங்களுக்கு எந்த இடத்தில் கால் தடுமாறுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். எழுந்து நின்று ஆடிக் காட்டியே பதில் சொல்வார்கள்.