பாட்டெழுதுவோர் எந்த இணையத்தளத்தைத் தேர்ந்தெடுப்பது?

மீன்பாடும் தேன்நாடான மட்டக்களப்பில் பாட்டெழுதுவோருக்குக் குறைவில்லை. எழுதியதை இணையத்தில் எங்கே இடுவது என்பதில்தான் தடுமாற்றம். உங்களுக்குத் தேவை கேட்பவரா, மெட்டமைப்பவரா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

கேட்பவர் எனில், யூடியூப்பை அடித்தளமாகக் கொள்ளுங்கள். கல்லடியில் எழுதிய பாட்டை ரொறன்ரோவில் இருப்பவர் நினைவில் நின்ற ஒரு வரியைத் தட்டித் தேடக்கூடும் என்பதால், விவரக்குறிப்பில் முழுப் பாடலையும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களையும் தமிழிலேயே இடுங்கள். நீள் காணொளிகளில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். ஆகவே உடனடிப் பணத்தை எண்ணி இறங்க வேண்டாம். டிக்டொக்கிற்குப் பல்லவி மட்டும் போதும்.

மெட்டமைப்பவரைத் தேடுவோருக்குப் பேஸ்புக்கில் இசை சார்ந்து இயங்கும் குழுக்கள் பொருத்தமானவை. முடிவுறாத பாட்டைச் சவுண்ட்கிளவுட்டில் ஏற்றி, தனிப்பட்ட இணைப்பாக ஒருவருக்கு மட்டும் அனுப்பலாம். ஸ்பொட்டிபை 2021 முதல் இலங்கையில் கிடைத்தாலும், அதில் பாடல்களை இத்தகைய தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகவே பாடலைச் சேர்க்க முடியும். முதற்பாட்டுக்கு அந்த அவசரம் தேவையில்லை என்பேன்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டு. எனினும் வரிகளை முன்கூட்டியே உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால், திகதிக்கு ஒரு சான்று இருக்கும்.