ஐஸ் கியூபின் இரண்டாவது ஆல்பம்: கேட்பவர்கள் எங்கே வழுக்குகிறார்கள்

அமெரிக்க ராப் பாடகர் ஐஸ் கியூபின் 'டெத் சர்டிஃபிகேட்' பற்றிப் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் பேச்சுக்குள் வந்துவிடும். கலவரத்தின் கோபத்தில் பிறந்த ஆல்பம் என்று அடித்துச் சொல்பவர்கள் நிறைய. ஆல்பம் வெளியானது 1991 அக்டோபர் இறுதியில். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீசாரை நீதிமன்றம் விடுவித்ததும் கலவரம் வெடித்தது 1992 ஏப்ரல் 29 அன்று. ஆறு மாத இடைவெளியை விழுங்கிவிட்டுக் கேட்டால் பல பாடல்களின் பொருளே மாறிப்போகும்.

இந்தக் குழப்பம் அதிகம் பாதிப்பது 'பிளாக் கொரியா'வைத்தான். ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டு அது. 1991 மார்ச் 16 அன்று, ராட்னி கிங்கைப் போலீசார் அடித்து நொறுக்கி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், லாஸ் ஏஞ்சலஸின் சவுத் சென்ட்ரல் பகுதியில் லதாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி கொல்லப்பட்டாள். 1.79 டாலர் ஆரஞ்சு ஜூஸைத் திருடுகிறாள் என்று நினைத்து வம்புக்கு இழுத்த கொரியக் கடைக்காரப் பெண், கைகலப்புக்குப் பிறகு அவள் திரும்பிப் போகும்போது பின்னந்தலையில் சுட்டார். சிறுமியின் கையில் இரண்டு டாலர் இருந்தது. சுட்டவருக்குச் சிறை இல்லை. கண்காணிப்பில் விட்டார்கள், 400 மணி நேரச் சமூக சேவை, 500 டாலர் அபராதம். இந்தத் தண்டனையைக் கேட்டுக் கொதித்துத்தான் கியூப் பாடினார் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தண்டனை அறிவிக்கப்பட்டது நவம்பர் 15 அன்று. ஆல்பம் அதற்குள் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. கொலையின் கோபம் அந்தத் தெருக்களில் இருந்தது உண்மைதான், ஆனால் பாட்டில் லதாஷாவின் பெயரே வராது. அது தொடங்குவது ஸ்பைக் லீ 1989-இல் எடுத்த 'டூ த ரைட் திங்' படத்தில், புரூக்ளின் கடையொன்றில் பேட்டரி வாங்கப்போய் மூளும் சண்டை வசனத்தோடு. அப்புறம் நேரே மிரட்டல்: மரியாதை கொடுக்காவிட்டால் கடை எரியும்.

கலவரத்தில் கொரியர்களின் கடைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் சேதமானதும் கியூபைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு சமூகத்தையே மொத்தமாக எதிரியாக்கி மிரட்டியதை முன்னறிவிப்பு என்று மாலை போடுவது எந்த ஊர் நியாயம்? கொரியக் கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கியூப் விளம்பரத்தில் நடித்த செயின்ட் ஐட்ஸ் மதுவை விற்க மறுத்தார்கள். கம்பெனி இறங்கிவந்தது. கியூபும் அவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

சரி, இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெறுப்புப் பேச்சு என்று ஆல்பத்தையே தூக்கி எறிவது. பில்போர்ட் இசைப் பத்திரிகையே தலையங்கம் எழுதிக் கண்டித்தது. பிரிட்டனில் வெளியிட்ட ஐலண்ட் நிறுவனம் 'பிளாக் கொரியா', தன் பழைய குழுவைக் கியூப் திட்டும் 'நோ வேஸ்லின்' இரண்டையும் வெட்டிவிட்டுத்தான் விற்றது. இந்த இரண்டை மட்டும் உருவி எடுத்துக் கேட்பவர்களுக்கு ஆல்பத்தின் அமைப்பு பிடிபடாது. அதற்கு 'டெத்', 'லைஃப்' என்று இரண்டு பக்கங்கள். முதல் பக்கம் நாம் இப்போது இருக்கும் நிலை, இரண்டாவது போகவேண்டிய திசை என்று கியூபே சொல்லிவிடுகிறார். முதல் பக்கம் முடியும் தறுவாயில் வரும் 'அலைவ் ஆன் அரைவல்' பாட்டில் குண்டடி பட்ட ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். ரத்தம் கொட்டக் கொட்டக் காத்திருக்க வைக்கிறார்கள். டாக்டருக்கு முன்னால் போலீஸ் கேள்வியோடு வந்து நிற்கிறது. கடைசியில் செத்துப்போகிறான். இதைக் கேட்காமல் கியூபின் கோபத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? இரண்டாம் பக்கத்தில் வரும் 'அஸ்', கறுப்பினத்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ஆனால் வெட்டப்பட்ட அந்த இரண்டு பாடல்களும் இருப்பது இதே 'லைஃப்' பக்கத்தில்தான். வழிகாட்டுகிறேன் என்ற பக்கத்திலேயே இவ்வளவு விஷம் ஏன் என்ற கேள்விக்கு ரசிகர்களிடம் நல்ல பதிலைப் பார்த்ததில்லை.

'நோ வேஸ்லினை' வலியப்போய் இழுத்த சண்டை என்று நினைப்பதும் சரியல்ல. பணத் தகராறில் 1989 இறுதியில் கியூப் தான் பாடிவந்த என்.டபிள்யூ.ஏ. ராப் குழுவை விட்டு வெளியேறினார். தன் முதல் தனி ஆல்பத்தில் அவர்கள் பக்கம் பெரிதாகப் போகவில்லை. அவர்கள்தான் துரோகி என்று இரண்டு வெளியீடுகளில் வசை பாடினார்கள். அதற்காக குழு மேலாளரின் யூத அடையாளத்தைக் குத்தியும், ஓரினச்சேர்க்கையை வசையாக்கியும் கியூப் அடித்ததெல்லாம் நியாயமாகிவிடாது.

சின்னத் தவறுகளும் இருக்கின்றன. 1990-இல் வந்த 'கில் அட் வில்'லை இரண்டாவது ஆல்பமாகக் கணக்கிடுகிறார்கள். அது சில பாடல்களே கொண்ட குறு வெளியீடான ஒரு இ.பி. மட்டுமே. இசை என்.டபிள்யூ.ஏ.வின் டாக்டர் ட்ரே என்பார்கள். இல்லை, சர் ஜின்க்ஸும் பூகிமென் குழுவும். என்.டபிள்யூ.ஏ.வின் ஊரான காம்ப்டன்காரர் என்று கியூபைச் சொல்வதும் பிழை. அவர் சவுத் சென்ட்ரல்.

கேட்கும்போது ஷஃபிளை அணைத்துவிடுங்கள், வரிசை இல்லாவிட்டால் பக்கங்கள் இரண்டும் குழம்பிவிடும். 25-ஆம் ஆண்டுப் பதிப்பாக 2017-இல் வந்ததில் புதிய பாடல்கள் மூன்று சேர்ந்திருக்கின்றன. 'குட் காப் பேட் காப்' அதில் ஒன்று. அவற்றை 1991-இன் குரலாக எண்ணி மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.