சின்ன ரிப்பேருக்குப் பெரிய டியூபா? கட்டுமானப் பசை வாங்கும்போதும் வைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரை விட்டு விலகி நிற்கும் ஸ்கர்ட்டிங் பலகை, சமையலறை அலமாரிக் கதவில் உரிந்து தொங்கும் லேமினேட், கதவடியில் ஆடும் அலுமினியப் பட்டை. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் பத்து வருடம் குடியிருந்தால் இதில் ஒன்றாவது வந்துவிடும். ஆள் கூப்பிட்டால் வந்து பார்ப்பதற்கே காசு. டிரில்லை எடுத்தால் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லோருக்கும் தலைவலி. அதனால் பலர் கட்டுமானப் பசையை நம்புகிறார்கள். நம்பலாம், அதில் தப்பில்லை. ஆனால் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் ஒட்டும்போது அல்ல. கடையில் தப்பான டியூபை எடுக்கும்போதோ, மிச்சத்தைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கும்போதோதான் கெடுகிறது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தப் பசை எப்படி இறுகுகிறது என்று பார்க்காமல் வாங்குவது.

முதலில் அளவு. சிலிகான் கன்னில் (பசையைத் தள்ளும் கைக்கருவி) மாட்டும் பெரிய டியூபில் ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் இருக்கும். கையால் பிதுக்கும் சின்ன டியூபுடன் ஒப்பிட்டால் மில்லிலிட்டர் கணக்கில் பெரியதுதான் மலிவு, அதனால் கை அங்கேதான் போகிறது. ஒரு கணக்குப் போடுங்கள். 5 மில்லிமீட்டர் தடிமனில் கோடு இழுப்பதுபோல் வரி போட்டால் 300 மில்லிலிட்டர் பசை சுமார் 15 மீட்டர் வரும். ஒரு மீட்டர் ஸ்கர்ட்டிங் பலகைக்கு இரண்டு வரி போட்டாலும் 2 மீட்டர்தான், அதாவது 40 மில்லிலிட்டர். மீதி 260 அடுத்த ரிப்பேர் வருவதற்குள் கல்லாகிவிடும். கன் இல்லாத வீடென்றால் அதற்கும் சேர்த்துச் செலவு. ஒன்றிரண்டு இடம் ஒட்டவேண்டியிருந்தால் 100 மில்லிலிட்டருக்குள் இருக்கும் டியூப் போதும். வீடு முழுக்க ஸ்கர்ட்டிங் மாற்றுபவருக்குத்தான் பெரியது லாபம்.

அடுத்தது வகை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். டியூபின் முன்பக்கத்தில் ஆணியே வேண்டாம், எதையும் ஒட்டும், எத்தனையோ கிலோ தாங்கும் என்றெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். கடையில் தொங்கும் பசைகள் பெரும்பாலும் மூன்று சாதி.

தண்ணீர் கலந்த அக்ரிலிக் பசை ஒன்று. வெள்ளையாக இருக்கும், வாடை குறைவு, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அதிலிருக்கும் தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும். இரண்டாவது, தின்னர் போன்ற கரைப்பான் கலந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும். அந்தக் கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் பிடிக்கும். அந்த ஆவி தீப்பற்றும். மூன்றாவது எம்எஸ் பாலிமர், பாலியூரித்தேன், சிலிகான் ஆகியவை. இவை நேர் எதிர்: காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகும்.

சிங்கப்பூரில் இந்த வேறுபாடு பெரிய விஷயம். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 வரைக்கும் இறங்கும். டியூபில் போட்டிருக்கும் 24 மணி நேரக் கணக்கோ பெரும்பாலும் 23 டிகிரி வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. ஆகவே மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திவைத்த குளியலறையில் அக்ரிலிக் பசை மறுநாளும் கொழகொழவென்றுதான் இருக்கும். எம்எஸ் பாலிமர் மேல்தோல் போட்டுவிடும், ஆனால் உள்ளே நாளொன்றுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இறுகும். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று பாரம் ஏற்றக்கூடாது. மேல்தோல் சீக்கிரம் வருவதால், பசையைப் பூசிவிட்டுப் போனை எடுத்துப் பேசிக்கொண்டு நிற்கவும் கூடாது.

இப்போது பரப்பு. அக்ரிலிக் வகைக்கு ஒட்டப்படும் இரண்டில் ஒன்றாவது தண்ணீரை உறிஞ்சவேண்டும்: மரம், சிமெண்டுச் சுவர், ஜிப்சம் பலகை இப்படி. டைல் மேல் கண்ணாடி, டைல் மேல் பிளாஸ்டிக் கொக்கி என்று இரண்டுமே உறிஞ்சாதவையாக இருந்தால் நடுவில் மாட்டிய தண்ணீர் போக வழியில்லை. வாரக்கணக்கில் காத்திருந்தாலும் காயாது. அங்கே எம்எஸ் பாலிமர்தான்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தனி எச்சரிக்கை. காடி வாடை அடிக்கும் சிலிகானும் கரைப்பான் பசையும் பின்னாலுள்ள ரசப்பூச்சை அரித்துவிடும். சில மாதத்தில் ஓரமெல்லாம் கறுப்புத் திட்டு. டியூபில் கண்ணாடிக்கு உகந்தது என்றோ நியூட்ரல் கியூர் என்றோ எழுதியிருக்கவேண்டும். தெர்மோகோல் அலங்காரப் பட்டைக்குக் கரைப்பான் பசை போட்டால் பட்டையே கரைந்து குழியாகும். ஐஸ்கிரீம் டப்பா, பக்கெட் செய்யும் பாலிபுரோபிலீன், பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் இந்த மூன்றுமே சரியாகப் பிடிக்காது. அதற்குப் பசை தேடி அலைவதைவிடப் புதுப் பக்கெட் வாங்கிவிடலாம்.

தரை டைல் எழும்பி உப்பிக்கொள்வது பழைய புளோக்குகளில் அடிக்கடி நடப்பது. அதன் அடியில் நாலு பொட்டுக் கட்டுமானப் பசை வைத்து அமுக்கும் பழக்கம் இருக்கிறது. பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே வெற்றிடம் நிற்கும். நாற்காலிக் கால் அங்கே அழுத்தினால் டைல் விரிசல் விடும். அது டைலுக்கான சிமெண்டுக் கலவை போட்டுச் செய்யவேண்டிய வேலை.

நம் வீடுகளுக்கு இன்னொன்று. தீபாவளி நெருங்கும்போது பூஜை மாடத்தைச் சுவரில் மாற்றி வைக்கும் ஆசை வரும். மரமாடம், சாமி படங்கள், பித்தளை விளக்கு, எண்ணெய்ச் சொம்பு என்று எடை கூடிக்கொண்டே போகும், கூடவே விளக்கின் சூடும். இதைப் பசையை மட்டும் நம்பித் தொங்கவிட நான் சொல்லமாட்டேன், டியூபில் எத்தனை கிலோ போட்டிருந்தாலும் சரி. சுவரிலிருக்கும் பெயிண்டைத்தான் பசை பிடிக்கிறது. பெயிண்ட் உரிந்தால் மாடமும் கூடவே வரும். ஸ்குரூ போடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே பெயிண்ட்தான் பிரச்சினை: பிடுங்கும்போது பெயிண்டும் பூச்சும் சேர்ந்து வரும், முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள்.

கடையில் கேட்கும் விதமும் முக்கியம். "க்ளூ இருக்கா அங்கிள்?" என்று கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். "டாய்லெட் டைல் மேல கண்ணாடி ஒட்டணும்" என்று சொல்லிப் பாருங்கள். புளோக் கீழ்த்தளத்து ஹார்ட்வேர் கடைக்காரர்களும் ஜாலான் புசார் பக்கத்துக் கடைக்காரர்களும் உடனே வேறு டியூபை எடுப்பார்கள். வேலைக்கு வருபவர்கள் தினமும் அவர்களிடம்தான் வாங்குகிறார்கள். வாடை பலமான பசையை விடலைப் பையனை அனுப்பி வாங்கச் சொல்லாதீர்கள். பசையை முகர்ந்து போதை ஏற்றுவதை 1987ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்த ஊர் இது. அதற்காக என்று சந்தேகம் வந்தும் விற்றால் கடைக்காரரும் மாட்டிக்கொள்வார்.

தேதியைப் பார்க்காமல் எடுப்பதும் தவறு. பெரும்பாலான டியூபுகளுக்கு ஆயுள் 12 முதல் 18 மாதம். தேதி டியூபின் அடிவட்டத்திலோ மடிப்பிலோ மங்கலாகக் குத்தியிருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே கட்டி தட்டினால் வைத்துவிடுங்கள். வெயில் விழும் வாசலில் பெட்டி போட்டுக் கழிவு விலைக்கு விற்பதை வாங்குவதில் லாபமில்லை.

இனி மிச்சம். மூன்று வகைக்கும் எதிரி வேறு என்பதால் பத்திரப்படுத்தும் முறையும் வேறு. அக்ரிலிக்கில் தண்ணீர் வெளியே போகாமல் காக்கவேண்டும். எம்எஸ் பாலிமரிலும் சிலிகானிலும் ஈரம் உள்ளே வராமல் காக்கவேண்டும். கரைப்பான் பசைக்கு மூடி இறுக்கமாக இருந்தால் மட்டும் போதாது, நெருப்பும் சூடும் அண்டக்கூடாது.

வேலை தொடங்கும்போதே பாதி பத்திரம் செய்துவிடலாம். டியூப் வாயில் திருகும் கூர்மூக்கான நாசிலின் முனையைச் சாய்வாக, சின்னதாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் பசையும் வீண், பிறகு அடைக்கவும் முடியாது. முடிந்ததும் கன்னின் பின்னாலிருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, கம்பியைப் பின்னால் இழுத்துவிடுங்கள். இதை மறந்தால் பசை தானாக வழிந்துகொண்டே இருக்கும், காலையில் மேசையில் ஒரு குன்று நிற்கும். பிறகு நாசிலைக் கழற்றி, டியூப் வாயில் கிளிங் ஃபிலிம் துண்டு ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் மேலேயே நாசிலைத் திருகுங்கள். முனையில் ஆணி செருகுவது பழைய வழக்கம். துருப்பிடிக்காத நீள ஸ்குரூ அதைவிட மேல்: அடுத்த முறை திருகி இழுத்தால் நாசிலில் இறுகிய துண்டும் ஸ்குரூவோடு சேர்ந்து வந்துவிடும். திறந்த தேதியை மார்க்கரால் டியூபிலேயே எழுதுங்கள்.

எம்எஸ் பாலிமர், சிலிகான் டியூபைக் காலி முறுக்கு டப்பாவில் போட்டு, காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றையும் போட்டு மூடினால் நன்றாகவே தாங்கும். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் பசை என்று எழுத மறக்கவேண்டாம், பேரப்பிள்ளைகள் முறுக்கு என்று நினைத்துத்தான் திறப்பார்கள்.

இடம்? மேற்கு வெயில் விழும் சர்வீஸ் யார்டு, அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, கார் பூட் மூன்றும் வேண்டாம். தாழ்வாரத்துக் காலணி அலமாரியும் வேண்டாம், குறிப்பாகக் கரைப்பான் பசையை அங்கே வைப்பது அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்து. 1990களின் இறுதியிலிருந்து கட்டிய வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டரைத்தான் (குண்டுவீச்சு நேரத்தில் ஒதுங்குவதற்கான கான்கிரீட் அறை) பலர் ஸ்டோர் ரூமாக வைத்திருக்கிறோம். அங்கே வெயில் இல்லை. அக்ரிலிக், எம்எஸ் பாலிமருக்குச் சரி. காற்றோட்டம் குறைந்த அறையாதலால் கரைப்பான் பசையின் ஆவி தேங்கும். அந்த வகையை வாங்கினால் சின்ன டியூபாக வாங்கி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரே வேலையில் தீர்த்துவிடுவது நல்லது.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. திறக்காத சூப்பர் க்ளூவுக்கு மட்டும் குளிர் நல்லது, அதையும் மூடிய டப்பாவில், சாப்பாட்டுக்குத் தள்ளி வைக்கவேண்டும். எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் முனையில் வியர்க்கும் ஈரமே அதை இறுக்கிவிடும்.

கெட்டுப்போனதைக் கிச்சன் சிங்கில் கழுவி ஊற்றுவது குழாயை அடைக்கும். பழைய அட்டையில் பிதுக்கிக் காற்றோட்டமான இடத்தில் முழுதாக இறுகவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கரைப்பான் பசை ஈரமாக இருக்கும்போது அதைக் குப்பைக் குழாயில் தள்ளவே கூடாது: மேலிருந்து யாரோ அணையாத சிகரெட்டை அதே குழாயில் போட்டால் கீழே தீப்பிடிக்கும்.