இரண்டாவது பகடை

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதைமாந்தராக நடித்து ஒவ்வொரு செயலின் வெற்றி தோல்வியையும் பகடையால் முடிவுசெய்யும் விளையாட்டைக் கல்லூரி நாள்களிலிருந்து ஆடிவரும் நான், அதை என் பிள்ளைகளுக்கும் பழக்க நெடுநாள் ஆசைப்பட்டிருந்தேன். பதினொரு வயது மகன் உடனே ஒன்றிவிட்டான். ஏழு வயது மகளோ, கதையில் வரும் ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் நான்காம் முறையும் தோற்றபோது, இருபது முகப் பகடையை மேசையிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் பிழை என்னுடையது என்று புரிந்தது. எல்லாச் செயல்களுக்கும் 15 என்ற இலக்கை வைத்திருந்தேன்; பகடை எண்ணோடு சேர்த்துக்கொள்ளக் கூடுதல் புள்ளி ஏதும் இல்லாத குழந்தைக்கு 15 முதல் 20 வரையிலான ஆறு முகங்களே வெற்றி தரும், அதாவது 30 விழுக்காடுதான். இலக்கைக் குறைத்தால் மகனுக்கு ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். ஆகவே, விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் உள்ள, இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும் விதியைக் கையாண்டேன்: எப்படிச் செய்கிறாள் என்பதைக் கதையாகச் சொன்னால் இரண்டாவது பகடை அவளுக்கு. வாய்ப்பு 51 விழுக்காடாக உயர்ந்தது.

அடுத்த வாரம், “பூட்டுக்குள்ளே தூங்குற எலியைக் கூப்பிடுறேன்” என்று கிசுகிசுத்தபடி உருட்டினாள். 4, 17. முதலில் கை தட்டியவன் அவள் அண்ணன்.