புல்மாஸ்டிஃப் குட்டி வளர்க்கப் போகிறீர்களா? அதன் கதையிலிருந்து தொடங்குங்கள்

1. எதற்காக உருவான நாய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. பெரிய எஸ்டேட் காடுகளில் இரவில் புகுந்து திருட்டு வேட்டையாடுகிறவர்கள், மாட்டினால் தண்டனை பலமாக இருக்கும் என்பதால் காவலாளியை அடித்துப்போடவும் தயங்கமாட்டார்கள். காவலாளிகள் துணைக்கு ஒரு நாய் தேடினார்கள். மாஸ்டிஃபுக்கு உடம்பு உண்டு, வேகம் போதாது. அன்றைய புல்டாக்கோ மூர்க்கம். இரண்டையும் கலந்தார்கள். 60 பங்கு மாஸ்டிஃப், 40 பங்கு புல்டாக் என்று கலவை பின்னாளில் நிலைபெற்றது. 1924இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது.

அதன் வேலை இதுதான்: சத்தமில்லாமல் நெருங்கு, ஆளைத் தள்ளு, காவலாளி வரும்வரை அமுக்கிப் பிடி. குதறக் கூடாது. இருட்டில் கண்ணில் படாது என்று கருவரி போட்ட நாய்களையே அவர்கள் விரும்பினார்கள்.

2. குரைக்கும் என்று காத்திருக்காதீர்கள்

புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது. அழைப்புமணி அடித்தால் எழுந்துபோய் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வாலும் ஆடாது, உறுமலும் வராது. வந்தவர் நகர்ந்தால் தலை மட்டும் கூடவே திரும்பும். அந்த நிலையில் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் தின்பண்டம் கொடுத்து, பாயில் உட்காரப் பழக்குங்கள். தினம் நாலைந்து தடவை, வீட்டு ஆளையே மணி அடிக்கச் சொல்லி.

3. கழுத்து வாரில் நடக்கும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

வளர்ந்த ஆண் நாய் 50 முதல் 59 கிலோ. அப்புறம் இழுத்தால் நீங்கள்தான் பின்னால் ஓட வேண்டும். குட்டி வாரை இழுத்ததும் அப்படியே நின்றுவிடுங்கள். வார் தளர்ந்தால் நடங்கள். அதட்டல் வேண்டாம். பிடிவாதம் இருக்கும், ஆனால் குரல் உயர்ந்தால் முகம் வாடிவிடும். ஆள்மேல் சாய்வதையும் இப்போதே நிறுத்துங்கள். குட்டியில் அழகு, பெரிதானால் பாட்டி விழுந்துவிடுவார்.

4. வெயில்

குட்டை மூக்கு, சீக்கிரம் மூச்சு வாங்கும். நடையை அதிகாலைக்கு வையுங்கள். எச்சில் துடைக்க ஒரு துண்டு தோளில் எப்போதும் கிடக்கட்டும்; தண்ணீர் குடித்ததும் அது நேராக உங்கள் மடிக்குத்தான் வரும்.